பேத்திக்கு ஒரு வழிகாட்டும் கருவி

வெளிநாட்டில் பிள்ளைகள் குடியேறிவிட்ட வீடுகளிலிருந்து நமக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் விசா, பேறுகால உதவி, திருமணப் பேச்சு ஆகிய மூன்றைச் சுற்றியே அமையும். இம்மாதம் வந்த ஒன்று வேறு வகையானது. பெரியவர் ஒருவர் எழுதுகிறார். அவருடைய மகன் குடும்பம் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லண்டு நகரில் வாழ்கிறது. 11 வயதுப் பேத்தி ‘ஜியோகேஷிங்’ என்னும் விளையாட்டில் மனத்தைப் பறிகொடுத்திருக்கிறாள். பிறந்த நாளுக்குக் கையடக்கமான ஜி.பி.எஸ். கருவி ஒன்றைத் தாத்தாதான் வாங்கித் தரவேண்டும் என்பது அவள் கட்டளை. மகனோ, கைப்பேசி இருக்கையில் அது வீண் செலவு என்கிறாராம். “இது நல்ல காரியந்தானா? நல்லதென்றால் எதை வாங்குவது? நமக்கு இதன் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அந்நாட்டில் சில காலம் தங்கியிருந்தபோது இத்தகைய கருவியைக் கையிற் பிடித்துக் காட்டு வழியில் நடந்த பழக்கம் நமக்கு உண்டு. ஆதலின் இம்மாதப் பக்கத்தை அப்பெரியவருக்கே ஒதுக்குகிறோம். பேரப் பிள்ளைகளின் இதே ஆசைக்கு விடை தேடும் பிற இல்லத்தாருக்கும் இது உதவக்கூடும்.

முதலில் விளையாட்டு. ஒருவர் தண்ணீர் புகாத சிறு பெட்டி ஒன்றைக் காட்டிலோ, பூங்காவிலோ, பாலத்தடியிலோ ஒளித்து வைக்கிறார். அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுகிறார். பிறர் அவ்வெண்களைக் கருவியில் ஏற்றி, அது காட்டும் வழியே சென்று பெட்டியைத் தேடுகிறார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். பெட்டியில் சிறு பொம்மை, மணி, நாணயம் போன்றவை இருக்கும். ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடான, அல்லது அதனினும் மேலான ஒன்றை வைக்கவேண்டும் என்பது மரபு. விளையாட்டை அறியாத வழிப்போக்கர் பார்க்கும்படி எடுப்பதும் வைப்பதும் கூடாது. உலகெங்கும் இன்று முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இவ்வாறு ஒளிந்திருக்கின்றன.

பேத்தி குடியிருக்கும் இடத்திற்கும் இவ்விளையாட்டிற்கும் ஓர் உறவு உண்டு என்பதைத் தாத்தாவுக்குச் சொல்லியே ஆகவேண்டும். ஜி.பி.எஸ். அமைப்பு அமெரிக்க இராணுவத்திற்காக உருவானது. பொதுமக்களுக்குக் கிடைத்த சைகையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். அதனால் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை பிசகும். 2000-ஆம் ஆண்டு மே 2 அன்று, அதிபர் கிளிண்டனின் ஆணைப்படி அக்கலப்படம் நிறுத்தப்பட்டது. ஒரே இரவில் உலகிலிருந்த கருவிகளெல்லாம் பத்து மடங்கு துல்லியம் பெற்றன. மறுநாளே, மே 3-இல், டேவ் அல்மர் என்பவர் போர்ட்லண்டு நகருக்குத் தென்கிழக்கே, பீவர்கிரீக் என்னும் ஊருக்கருகில், ஒரு பிளாஸ்டிக் வாளியை ஒளித்து வைத்து அதன் எண்களை அறிவித்தார். வாளியில் புத்தகம், கவண், ஒரு டின் அவரை முதலியன இருந்தன. மூன்று நாள்களுக்குள் இருவர் அதைக் கண்டெடுத்தனர். அம்மாத முடிவிற்குள் இன்றைய பெயரும் இதற்கு அமைந்துவிட்டது. ஆக, பேத்தி கேட்பது எங்கிருந்தோ வந்த புதுமை அன்று. அவள் ஊர் எல்லையிலேயே பிறந்த விளையாட்டு. (அந்த அவரை டின்னை இன்று வைக்க இயலாது. கரடியும் எலியும் மோப்பம் பிடித்து வரும் என்பதால் உணவுப் பொருள் எதுவும் பெட்டியில் கூடாது என்பது இப்போதைய விதி.)

ஆகவே முதற் கேள்விக்கு விடை எளிது. பிள்ளையைத் திரையினின்று எழுப்பி, மழைக்கும் மரத்திற்கும் நடுவே நடக்க வைக்கும் எதுவும் நல்ல காரியமே. இரண்டாம் கேள்விதான் நின்று நிதானித்துப் பார்க்கவேண்டியது. ஏனெனில் கடைக்காரர் சொல்லும் சிறப்புகளுக்கும் காட்டில் வேண்டியவற்றிற்கும் இடைவெளி பெரிது.

கருவி என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது விளங்கும். பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. “நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது” என்று அவை ஓயாமல் அறிவித்துக் கொண்டிருக்கின்றன. கையிலுள்ள கருவி அவ்வறிவிப்பைக் கேட்டு, வந்து சேர ஆன நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். ஆனால் கருவியின் கடிகாரம் மலிவானது. ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் தவறிப்போகும். அப்பிழையையும் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள நான்காவது கோள் வேண்டும். எனவே குறைந்தது நான்கு கோள்களாவது கருவிக்குத் தெளிவாகத் தெரியவேண்டும். கூடுதலாகத் தெரிந்தால் மேலும் நன்று. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றின் கோள்களையும் சேர்த்துக் கேட்கும் கருவிகள் இன்று சாதாரணமாகிவிட்டன.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். கருவிக்குக் காது மட்டுமே உண்டு; வாய் இல்லை. அது எவருக்கும் எதையும் அனுப்புவதில்லை. ‘ஜி.பி.எஸ். கையில் இருக்கிறது, வழி தவறினால் யாராவது கண்டுபிடித்து விடுவார்கள்’ என்று எண்ணுவோர் பலர். அவ்வாறு நடவாது.

திறந்த வானத்தின் கீழே நல்ல கருவி மூன்று முதல் ஐந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். இது போதாதா என்று தோன்றும். ஆனால் பெட்டியை ஒளித்தவரும் இதே போன்ற ஒரு கருவியால்தானே எண்களை எடுத்தார்? அவர் பிழை ஐந்து மீட்டர், நம் பிழை ஐந்து மீட்டர் என்றால், தேடவேண்டிய வட்டத்தின் ஆரம் பத்து மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ எட்டு சென்ட் நிலம். அதில் ஒவ்வொரு வேரடியும், ஒவ்வொரு மரப்பொந்தும் ஐயத்துக்குரியது. எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் ஒளித்தவர் செய்த பிழையை நம் கருவி திருத்தாது. அனுபவம் உள்ளவர்கள் பத்து மீட்டர் தூரத்திலேயே கருவியைப் பையில் போட்டுவிட்டு, ‘நாமாக இருந்தால் இங்கே எங்கு ஒளிப்போம்?’ என்று கண்ணால் தேடத் தொடங்குவது இதனால்தான். குழந்தைகள் இதில் பெரியவர்களை வெல்வதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அவர்களுடைய கண் தரைக்கு அருகில் இருக்கிறது. முழங்கால் வலியும் இல்லை.

இனி மகனுடைய வாதத்திற்கு வருவோம். கைப்பேசி போதும் என்று அவர் சொல்வதில் பாதி முற்றிலும் சரி. 2018-இல் ஷாவ்மி நிறுவனத்தின் மி 8 வந்தது முதல், ஒரே கோளை இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் திறன் கைப்பேசிகளுக்கும் வரத் தொடங்கியது. துல்லியத்தில் நல்ல கைப்பேசிக்கும் நடுத்தரமான தனிக் கருவிக்கும் இன்று சொல்லத்தக்க வேறுபாடில்லை. விளையாட்டுக்கென உள்ள செயலியில் வரைபடம், பெட்டியின் விவரம், முன்பு தேடியவர்களின் குறிப்புகள் யாவும் ஓரிடத்தில் கிடைக்கின்றன. ஆதலின் முதல் பத்துப் பெட்டிகளைக் கைப்பேசி கொண்டே தேடட்டும் என்பது நம் உறுதியான கருத்து. பத்தாவது பெட்டிக்குள் ஆசை தணிந்துவிட்டால் தாத்தாவின் பணம் மிஞ்சும். தணியாவிட்டால், எந்த வகைப் பெட்டிகளில் அவளுக்கு நாட்டம் என்பது தெரிந்துவிடும். நகரப் பூங்காக்களில் மட்டும் தேடுபவளானால் தனிக் கருவி தேவையே இல்லை.

வாதத்தின் மறுபாதி காட்டில் உடைந்துபோகிறது. ஒரிகன் காடு நம் சவுக்குத் தோப்புப் போன்றதன்று. வானளாவிய டக்ளஸ் ஃபிர் மரங்கள். குளிர்காலம் முழுவதும் ஓயாத மழை. ஹூட் மலைப் பக்கத்துப் பள்ளத்தாக்குகள் பலவற்றில் கைப்பேசிக்குச் சைகை கிடைப்பதில்லை. சைகை இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும் என்பது உண்மையே. ஆனால் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்திருக்காவிட்டால் வெறும் சாம்பல் நிறத் திரையில் ஒரு நீலப் புள்ளிதான் மிஞ்சும். ஈரக் கையாலும் கையுறையாலும் தொடுதிரையை இயக்குவது பெரும்பாடு. குளிரில் கைப்பேசியின் பேட்டரி விரைவில் சோர்ந்துவிடும். அவசரத்துக்கு உதவி கேட்கவேண்டியதும் அதே கைப்பேசிதான் என்பதை மறந்துவிடக் கூடாது. அதன் உயிரை வழி தேடுவதிலேயே கரைத்துவிட்டுப் பின் ஆபத்தில் தவிப்பது அறிவுடைமை ஆகாது. நடப்பதற்கு ஒன்று, பேசுவதற்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வதற்காகவே தனிக் கருவியை நாம் ஆதரிக்கிறோம். துல்லியத்திற்காக அன்று.

அப்படியானால் பார்க்கவேண்டியவற்றுள் தலையாயது பேட்டரி. இரண்டு வகை உண்டு. ஒன்று, கைப்பேசியைப் போல உள்ளேயே அமைந்து மின்னேற்றம் செய்யப்படுவது. மற்றொன்று, நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் போடுகிறோமே, அந்த ‘டபுள் ஏ’ பேட்டரி இரண்டில் இயங்குவது. முதற் கருவிக்குப் பின்னதே சிறந்தது. தீர்ந்தால் பையிலிருந்து வேறு இரண்டைப் போட்டு அரை நிமிடத்தில் நடையைத் தொடரலாம். எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். மின்னேற்றம் செய்யத்தக்க வகையை வாங்கிவிட்டால் செலவும் மிச்சம். ஒரு நுணுக்கம் மட்டும்: எந்த வகை பேட்டரி என்பதைக் கருவியின் அமைப்புப் பட்டியலில் குறிப்பிட வேண்டும். மின்னேற்ற வகையின் மின்னழுத்தம் சாதாரண வகையினும் சற்றுக் குறைவு. சொல்லாவிட்டால், நிறைய மின்சாரம் இருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகக் கருவி கூக்குரலிடும்.

அடுத்தது திசைகாட்டி. இதில்தான் புதிதாக வாங்குவோர் பலர் ஏமாறுகிறார்கள். ஜி.பி.எஸ். கருவிக்கு நாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரியும். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது தெரியாது. நடந்தால்தான், முன்னிருந்த இடத்தையும் இப்போதைய இடத்தையும் ஒப்பிட்டுத் திசையை அறியும். எனவே மலிவான கருவிகளில், பெட்டிக்கு அருகே வந்து நின்றவுடன் அம்புக்குறி பேய் பிடித்ததுபோல் சுழலத் தொடங்கும். குழந்தை அழாத குறைதான். இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, நிற்காமல் பத்தடி முன்னும் பின்னும் நடந்து பார்ப்பது. மற்றொன்று, மின்னணுத் திசைமானி உள்ள கருவியை வாங்குவது. அது நின்ற இடத்திலும் திசை சொல்லும். ஆனால் பேட்டரி மாற்றும் போதெல்லாம் அதைச் சரிபார்த்துச் சமன்செய்ய வேண்டும். இல்லையேல் பொய் சொல்லும்.

மூன்றாவது வானலை வாங்கி, அதாவது ஆன்டெனா. சில கருவிகளின் தலையில் விரல் போன்ற ஒரு தடிப்பு நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். உள்ளே சுருள் வடிவ ஆன்டெனா இருக்கிறது. மழமழவென்று தட்டையாக இருப்பவற்றில் சதுர வில்லை ஆன்டெனா. அடர்ந்த மரங்களின் கீழும், கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கைப் போல இருபுறமும் கரும்பாறைச் சுவர்கள் எழும்பி நிற்கும் இடங்களிலும் சுருள் வகை சற்று மேலானது. பாறையில் மோதி எதிரொலித்து வரும் சைகை, நேராக வருவதைவிடச் சிறிது தாமதமாகச் சேரும். கருவி அதை நம்பினால் இடம் பல மீட்டர் தள்ளிப்போகும். இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் கருவிகள் இவ்வெதிரொலியை ஓரளவு இனங்கண்டு ஒதுக்குகின்றன. இவ்வசதிக்கு விலை அதிகம். பதினொரு வயதுப் பெண்ணின் முதற் கருவிக்கு அது வேண்டியதில்லை என்போம்.

திரையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. வெயிலில் படிக்க முடிகிறதா என்பது ஒன்றே கேள்வி. தொடுதிரையைவிடப் பொத்தான்களே மழைக்கு ஏற்றவை. தண்ணீர் தாங்கும் அளவை ‘ஐ.பி.எக்ஸ். 7’ என்ற குறியால் காட்டுவார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது என்று பொருள். ஓடையில் தவறவிட்டால் எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம். ஓடையோடு போய்விடாமலிருக்கக் கழுத்துக் கயிறு வேண்டும்.

இனி, பெயர் சொல்லியே பேசுவோம். முன்பு மெகல்லன், டிலோர்ம் போன்ற பல நிறுவனங்கள் இத்துறையில் இருந்தன. மெகல்லன் 2010-இல் இவ்விளையாட்டுக்கென்றே ஒரு கருவியை வெளியிட்டது. டிலோர்மை 2016-இல் கார்மின் நிறுவனம் வாங்கிவிட்டது. இன்று கையடக்கக் கருவி என்றால் பெரும்பாலும் கார்மின்தான். அதன் இ-ட்ரெக்ஸ் வரிசை 2000-ஆம் ஆண்டிலிருந்து வருகிறது. 2023-இல் வந்த இ-ட்ரெக்ஸ் எஸ்.இ. வெளியானபோது 150 டாலர் விலையிருந்தது. இரண்டு டபுள் ஏ பேட்டரியில் 168 மணி நேரம் ஓடும் என்பது நிறுவனத்தின் கூற்று. காட்டில் அதில் பாதி கிடைத்தாலும் மாதக்கணக்கில் வரும். திசைமானி உண்டு. கைப்பேசியோடு இணைத்தால் பெட்டிகளின் விவரங்களைத் தானே வாங்கிக்கொள்ளும். வண்ணத் திரையோ, விரிவான வரைபடமோ இல்லை. அம்பும் தூரமும்தான்.

2019-இல் வந்த 22 எக்ஸ் என்னும் கருவியில் வண்ணத் திரையும் வரைபடமும் உண்டு. ஆனால் மின்னணுத் திசைமானி இல்லை. வெளியானபோது விலை 200 டாலர். அதன் உடன்பிறப்பான 32 எக்ஸ் திசைமானியும் உயரமானியும் சேர்த்து 300 டாலருக்கு வந்தது. 2020-இல் வந்த ஜி.பி.எஸ். மேப் 65 சுருள் ஆன்டெனாவும் இரு அலைவரிசையும் டபுள் ஏ பேட்டரியும் கொண்டு, 350 டாலர் விலையில் வெளியானது. 2023-இன் ஜி.பி.எஸ். மேப் 67 இன்னும் பெரியது, 500 டாலர், பேட்டரி உள்ளேயே அமைந்தது.

பேத்திக்கு நம் தேர்வு எஸ்.இ. தான். வரைபடம் இல்லாதது குறையல்லவா என்று மகன் கேட்பார். வரைபடம் அவர் கைப்பேசியில் இருக்கட்டும். தந்தை வரைபடத்தைப் பார்க்க, மகள் அம்பைப் பின்பற்ற, ஓடையை எங்கே கடப்பது என்று இருவரும் வழக்காடிக்கொண்டு போவது நல்ல ஏற்பாடு. ஓரிரு ஆண்டுகளில் குடும்பமே அடர்காட்டுப் பெட்டிகளைத் தேடத் தொடங்கினால், அப்போது 65 போன்றதை நினைக்கலாம். 67-ஐ முதற் பரிசாகக் கொடுப்பது, சைக்கிள் பழகும் பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவதை ஒக்கும்.

67-இலேயே, பெயரின் இறுதியில் ‘ஐ’ என்ற எழுத்துச் சேர்ந்த வகையொன்று உண்டு. அதற்கு மட்டும் வாயும் உண்டு. செயற்கைக்கோள் வழியாகச் செய்தியும் ஆபத்து அழைப்பும் அனுப்பும். தனியே நெடுந்தொலைவு மலையேறுவோருக்கு அது உயிர் காக்கும் பொருள். ஆனால் உரிமம் இன்றி அத்தகைய கருவியை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். அறியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் பிடிபட்டு வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள். விடுமுறைக்கு ஊர் வரும் குடும்பங்கள் இதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரவேண்டாம். கேட்க மட்டும் செய்யும் கருவி வேறு வகைதான். ஆயினும் அவ்வேறுபாட்டை நள்ளிரவில் சுங்க அதிகாரிக்கு விளக்கிக்கொண்டு நிற்பதைவிட, அதையும் போர்ட்லண்டிலேயே விட்டுவருவது நலம்.

பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்கலாம். கிடைக்கிறது, தாழ்வும் இல்லை. 2006-இல் வந்த ஜி.பி.எஸ். மேப் 60 சி.எஸ்.எக்ஸ். போன்றவற்றை இன்றும் போற்றிப் பயன்படுத்துவோர் உண்டு. வாங்குமுன் பேட்டரி அறையைத் திறந்து பச்சை நிறத் துரு படிந்திருக்கிறதா, ஓரத்து ரப்பர் உரிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு திறந்த வெளியில் இயக்கித் தேதியைக் கவனிக்கவேண்டும். ஜி.பி.எஸ். தன் வாரங்களை 1,024 வரை எண்ணி மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 அன்று அவ்வாறு திரும்பியது. சில பழைய கருவிகள் அதன்பின் இருபது ஆண்டுக்கு முந்திய தேதியைக் காட்டுகின்றன. இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆயினும் தேதியும் சூரிய அஸ்தமன நேரமும் பிசகிய கருவியைக் குழந்தைக்குக் கொடுக்கவேண்டாம்.

கருவி வீடு வந்ததும் செய்யவேண்டியது ஒன்று. இதைச் செய்யாமல் காட்டிற்குப் போனவர்கள் கருவியைத் திட்டுவார்கள். இவ்விளையாட்டில் எண்கள் டிகிரி, நிமிடம், நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற முறையில் எழுதப்படுகின்றன. அல்மர் வாளியை வைத்த இடம் வடக்கு 45 டிகிரி 17.460 நிமிடம், மேற்கு 122 டிகிரி 24.800 நிமிடம். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக 1.85 மீட்டர் நகரும். இந்த 17.460-ஐ 17 நிமிடம் 46 வினாடி என்று படித்துவிட்டால் அரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போய்த் தேடுவோம். கருவி எந்த முறையில் எண்களைக் காட்டுகிறது என்பதையும், நில அளவை அடிப்படையாக ‘டபிள்யூ.ஜி.எஸ். 84’ இருப்பதையும் முதல் நாளே அமைப்புப் பட்டியலில் சரிபார்த்துவிட வேண்டும்.

பல வாரம் மூடிக் கிடந்த கருவி, இயக்கியவுடன் இடத்தைச் சொல்லாது. எந்தக் கோள் எங்கே என்ற பட்டியலை முழுவதும் கேட்டு முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம் பிடிக்கும். காலணி கட்டும்போதே திறந்த வானத்தின் கீழே வைத்துவிட்டால் பொழுது வீணாகாது.

இவையெல்லாவற்றினும் மேலாகப் பெண்ணுக்குப் பழக்கவேண்டியது, கார் நிற்கும் இடத்தைக் கருவியில் குறித்துக்கொள்ளும் பழக்கம். காரைவிட்டு இறங்கியதும், ஓரடி எடுத்து வைக்குமுன், அவளே பொத்தானை அழுத்தி ‘கார்’ என்று பெயரிடவேண்டும். பெட்டி தேடும் ஆவலில் தரையையே பார்த்து நடப்பவர்களுக்கு, வந்த வழி நினைவில் நிற்பதில்லை. பெட்டியைச் சுற்றி நாலைந்து வட்டம் அடித்தபின் எல்லா மரமும் ஒரே மரமாகத் தோன்றும். அப்போது ‘கார்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அம்பைப் பின்பற்ற அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தந்தை செய்வதை வேடிக்கை பார்த்துப் பழகியிருந்தால் போதாது. அம்பு பறவை பறக்கும் நேர்க்கோட்டைத்தான் காட்டும், நடுவே பள்ளமும் ஆறும் இருப்பது அதற்குத் தெரியாது என்பதையும் சொல்லிக் கொடுக்கவேண்டும். ஆதலின், வந்த தடத்தைப் பதிவு செய்யும் வசதியை இயக்கி வைத்து, திரும்புகையில் அத்தடத்தின் மேலேயே நடப்பது உத்தமம்.

முதல் ஒத்திகையைக் காட்டில் நடத்தவேண்டாம். வீட்டு வாசலைக் ‘கார்’ என்று குறித்துவிட்டு, தெரிந்த பூங்காவைச் சுற்றி, அவள் சொல்லும் வழியிலேயே வீடு திரும்பட்டும். மூன்று தடவை பிசகாமல் கொண்டுவந்து சேர்த்தால் காட்டிற்கு அழைத்துப் போகலாம். அதுவும் கோடையில். டிசம்பரில் போர்ட்லண்டில் மாலை நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். மரத்தடியில் அதற்கும் முன்பே இருட்டும். அந்நாள்களில் பெட்டி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மூன்று மணிக்கு அம்பைக் காரின் பக்கம் திருப்பிவிடவேண்டும்.